மண், நீர்ச் சூழல் படிப்பு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வேளாண் அறிவியலில் இந்தப் பிரிவை எடுக்கலாமா என்று யோசிப்பவர்களும், எடுத்துவிட்டு முதல் பருவத்தில் திணறுபவர்களும் திரும்பத் திரும்பக் கேட்பவை இவை. சிலவற்றுக்கு இரண்டு வரி போதும். சிலவற்றுக்குக் கொஞ்சம் உட்கார்ந்து பேச வேண்டும்.

மண் தனி, நீர் தனி. இரண்டையும் ஏன் சேர்த்துப் படிக்க வேண்டும்?

நல்ல மழை பெய்து ஓய்ந்ததும் வயலின் தாழ்ந்த மூலைக்குப் போய்ப் பாருங்கள். மடையில் ஓடும் தண்ணீர் கலங்கலாக இருக்கும். அந்தக் கலங்கல் அத்தனையும் மேல்மண். அதில் ஒட்டிக்கொண்டு மணிச்சத்து (பாஸ்பரஸ்) போகிறது, கரைந்தபடி தழைச்சத்து (நைட்ரஜன்) போகிறது, போன வாரம் தெளித்த மருந்திலும் கொஞ்சம் போகிறது. வயலுக்கு இது இழப்பு. கீழே இருக்கும் குளத்துக்கு வரவு, அதுவும் வேண்டாத வரவு. மண்ணை மட்டும் படித்தவர் மடையோடு நின்றுவிடுவார். சத்து எங்கே போய்ச் சேர்ந்தது என்று அவருக்குத் தெரியாது. நீரை மட்டும் படித்தவர் குளக்கரையில் தொடங்குவார். பாசி ஏன் வந்தது என்று தேடி மேலே ஏற வேண்டியிருக்கும்.

இன்னொரு காரணமும் உண்டு. நல்ல மண்ணின் கன அளவில் ஏறக்குறைய பாதி வெறும் இடைவெளிதான். அந்த இடைவெளியைத் தண்ணீரும் காற்றும் பங்கு போட்டுக்கொள்கின்றன. ஒன்று கூடினால் மற்றது குறையும். வேர், நுண்ணுயிர், மண்புழு எல்லாமே அந்தப் பங்கீட்டை நம்பித்தான் பிழைக்கின்றன. அதனால் மண்ணுக்குள்ளேயே நீர்ச் சூழல் இருக்கிறது. வரப்புக்கு வெளியே தேட வேண்டியதில்லை.

வேதியியல் எனக்கு வராது. சமாளிக்க முடியுமா?

வேதியியல் இல்லாமல் முடியாது, உண்மையைச் சொல்லிவிடுகிறேன். ஆனால் தேவைப்படும் வேதியியல் குறுகியது: அமிலம், காரம், அயனிப் பரிமாற்றம், ஆக்சிஜனேற்றம், ஒடுக்கம், கரைசல்களின் செறிவு. இவ்வளவைத் திடமாகப் பிடித்துக்கொண்டால் போதும்.

அதைவிடப் பலரும் சறுக்குவது அலகில். ஓர் உதாரணம்: குடிநீரில் நைட்ரேட் லிட்டருக்கு 50 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அமெரிக்க வரம்போ 10 மில்லிகிராம். அமெரிக்கா ஐந்து மடங்கு கண்டிப்பானது என்று நினைக்கத் தோன்றும். இல்லை. முதலாவது முழு நைட்ரேட் அயனியின் எடை. இரண்டாவது அதிலுள்ள நைட்ரஜனின் எடை மட்டும். 10-ஐ 4.43-ஆல் பெருக்கினால் 44 வந்துவிடும். இரண்டும் பக்கத்துப் பக்கத்து எண்கள்தான். இந்த ஒரு குழப்பத்தால் ஆய்வறிக்கையைத் திருப்பி எழுதியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

முதல் வருடம் களத்தில் என்ன செய்யச் சொல்வார்கள்?

குழி வெட்டச் சொல்வார்கள். ஆள் இறங்கி நிற்கும் அளவுக்கு ஒரு குழி, அதன் ஒரு பக்கச் சுவரைச் சீவி நேராக்கி, மேலிருந்து கீழாக நிறம், வேர், கல், ஈரம் என்று பார்த்து எழுத வேண்டும். மண்ணை இப்படி அடுக்கடுக்காகப் பார்க்கும் பழக்கம் ரஷ்ய மண்ணியலாளர் தொக்குச்சாயேவிடமிருந்து வந்தது. 1883-இல் அவர் கரிசல் நிலங்களைப் பற்றி எழுதும் வரை மண் என்பது உடைந்த பாறைத் தூள் என்றுதான் பெரும்பாலும் கருதப்பட்டது. தட்பவெப்பம், உயிர்கள், தாய்ப்பாறை, நிலத்தின் சரிவு, காலம் எல்லாம் சேர்ந்து உருவாக்கும் தனி வஸ்து அது என்ற பார்வை அவருடையது.

அப்புறம் கையால் மண் பார்ப்பது. ஒரு உள்ளங்கை மண்ணை எடுத்து, சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விட்டு, சப்பாத்தி மாவு மாதிரி ஆகும் வரை பிசைய வேண்டும். பிறகு கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து அழுத்தி நாடாபோல வெளியே தள்ளிக்கொண்டே போக வேண்டும். நாடா 2.5 சென்டிமீட்டர் போவதற்குள் ஒடிந்து விழுந்தால் இருபொறை வகை, அதாவது மணலும் வண்டலும் களியும் கலந்த மண். 2.5-லிருந்து 5 வரை நீண்டால் களி மிகுந்த இருபொறை. 5-ஐத் தாண்டி விரல் மேல் வளைந்து தொங்கினால் களிமண். மிச்சத்தை உள்ளங்கையில் கூழாக்கித் தேய்த்துப் பார்த்தால் நறநறவென்று இருப்பது மணல், மாவு போல வழுக்குவது வண்டல். முதல் வாரம் எல்லா மண்ணும் ஒரே மாதிரித்தான் இருக்கும். ஐம்பது மாதிரி பிசைந்த பிறகு, ஆய்வகத்துக்கு அனுப்புவதற்கு முன்பே கை சொல்லிவிடும்.

ஏன் இந்த வேலை என்றால், துகளின் அளவு பாதிக் கதையைத் தீர்மானித்துவிடுகிறது. களித்துகள் 0.002 மில்லிமீட்டருக்கும் சிறியது, மணல் 0.05 முதல் 2 மில்லிமீட்டர் வரை. தண்ணீர் எவ்வளவு நேரம் நிற்கும், சத்து பிடிபடுமா கழுவப்படுமா, காற்று உள்ளே போகுமா என்பதெல்லாம் இதைப் பொறுத்தது.

மாதிரி எடுப்பது உதவியாளர் வேலைதானே? அதற்கு ஏன் இவ்வளவு வகுப்பு?

இந்தக் கேள்வி வரும்போதெல்லாம் நான் ஒரு கணக்குப் போடச் சொல்வேன். ஒரு ஹெக்டேரில் மேல் 15 சென்டிமீட்டர் மண்ணின் எடை சுமார் 20 லட்சம் கிலோ. அங்ககக் கரிமம் (மக்கிய பொருட்களிலுள்ள கார்பன்) பார்க்க வாக்லி-பிளாக் என்ற ஆய்வக முறையில் எடுப்பது ஏறத்தாழ ஒரு கிராம். அந்த ஒரு கிராம் 20 லட்சம் கிலோவுக்காகச் சாட்சி சொல்கிறது. சாட்சி பொய் சொன்னால் எவ்வளவு விலையுயர்ந்த கருவியும் அந்தப் பொய்யைத்தான் நான்கு தசம இடங்களுக்குத் துல்லியமாகச் சொல்லும்.

அதனால்தான் வரப்போரம், எருக்குவியல் கிடந்த இடம், மரநிழல், வாய்க்கால் ஓரம் எல்லாவற்றையும் விட்டுவிட்டு, வயலில் கோணல்மாணலாக நடந்து பத்துப் பதினைந்து இடங்களில் எடுக்கச் சொல்கிறார்கள். ஒவ்வொரு இடத்திலும் ஆங்கில வி எழுத்து போலக் குழி வெட்டி, அதன் சரிவில் மேலிருந்து கீழ் வரை ஒரே கனத்தில் ஒரு சீவல். எல்லாவற்றையும் கலந்து, நான்காகப் பிரித்து, எதிரெதிர்ப் பங்குகளைத் தள்ளி, அரை கிலோ மிஞ்சும் வரை இதையே திரும்பச் செய்வது.

நான் மாணவனாக இருந்தபோது ஒரு தொகுதி மாதிரிகளில் சாம்பல் சத்து (பொட்டாசியம்) கூரையைப் பிய்த்துக்கொண்டு போனது. மறுபடி சோதித்தோம், அதே எண். கடைசியில்தான் தெரிந்தது, பை போதவில்லை என்று யாரோ காலி உரச் சாக்கில் மண்ணை அள்ளி வந்திருக்கிறார்கள். அந்த யாரோ நான்தான். துத்தநாகம் பார்க்க வேண்டிய மண்ணைத் துத்தநாகப் பூச்சு வாளியில் கலப்பதும் இதே ரகம்.

தண்ணீர் மாதிரி இன்னும் அவசரக்காரன். பாட்டிலை அதே தண்ணீரால் மூன்று முறை கழுவ வேண்டும். கிணற்று மாதிரி என்றால் குழாயில் தேங்கியிருந்த நீர் போகும் வரை மோட்டாரை ஓடவிட வேண்டும். கரைந்த மணிச்சத்து வேண்டுமானால் அங்கேயே வடிகட்டி, குளிர்ப்பெட்டியில் வைத்துக் கொண்டுவர வேண்டும். இல்லையென்றால் பாட்டிலுக்குள் இருக்கும் நுண்ணுயிர்கள் வழியிலேயே சாப்பிட்டு முடித்துவிடும்.

வயலிலிருந்து சத்து எப்படித்தான் வெளியே போகிறது?

தழைச்சத்தும் மணிச்சத்தும் ஒரே மூட்டையில் வந்தாலும் வெளியேறும் வழி வேறு வேறு.

தழைச்சத்தின் ஒரு வடிவமான நைட்ரேட் எதிர்மின் அயனி. களித்துகளின் பரப்பும் பெரும்பாலும் எதிர்மின்னேற்றம் கொண்டது. இரண்டும் ஒட்டாது. பயிர் எடுத்துக்கொள்ளாத நைட்ரேட், வடியும் நீரோடு கீழே இறங்கி நிலத்தடி நீரில் சேர்கிறது. இதைக் கண்ணால் பார்க்க முடியாது. தண்ணீர் தெளிவாகவே இருக்கும். மண்ணில் ஈரம் மிகுந்து காற்று குறைந்தால் ஒரு பகுதி நைட்ரஸ் ஆக்சைடாக ஆகாயத்துக்குப் போகிறது. நூறாண்டுக் கணக்கில் பார்த்தால் கார்பன் டைஆக்சைடைப் போல சுமார் 270 மடங்கு வெப்பத்தைப் பிடிக்கும் வாயு அது.

மணிச்சத்து நேர் எதிர். அமில மண்ணில் இரும்பும் அலுமினியமும், சுண்ணாம்பு மண்ணில் கால்சியமும் அதை இறுகப் பிடித்துக்கொள்ளும். மண் போனால்தான் அதுவும் போகும். அதனால் மணிச்சத்து இழப்பின் பெரும்பங்கு பெரும்பாலும் வருடத்தின் சில பெருமழைகளில் நடந்து முடிந்துவிடுகிறது. இங்கேதான் பல ஆய்வுகள் கோட்டை விடுகின்றன. திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு வாரம் ஒருமுறை ஓடை நீர் எடுக்கும் திட்டம் பார்க்க ஒழுங்காக இருக்கும். ஆனால் புதன் நள்ளிரவில் பெய்த மழை அதில் இருக்கவே இருக்காது. என்னைக் கேட்டால், ஐம்பது வெயில் நாள் மாதிரிகளைவிட ஒரு மழை இரவில் மணிக்கொரு தரம் எடுத்த பத்து மாதிரிகள் மேல்.

சரி, போய்ச் சேரும் இடத்தில் என்ன ஆகிறது? கனடாவின் ஒன்டாரியோவில் 226 என்ற எண்ணிட்ட ஒரு சிறிய ஏரி இருக்கிறது. 1973-இல் ஏரி ஆய்வாளர் டேவிட் ஷிண்ட்லர் குழுவினர் அதன் இடுப்புப் பகுதியில் ஒரு பிளாஸ்டிக் திரையைக் கட்டி இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பக்கம் கார்பனும் நைட்ரஜனும் கலந்தார்கள். மறு பக்கம் அதே இரண்டோடு பாஸ்பரஸும். பாஸ்பரஸ் விழுந்த பக்கம் பாசி பிடித்துப் பச்சைக் குழம்பாகிவிட்டது. மற்ற பக்கம் பழையபடி இருந்தது. மேலிருந்து எடுத்த ஒரு புகைப்படம் எல்லா வாதத்தையும் முடித்து வைத்தது என்று சொல்வார்கள். நன்னீருக்குத்தான் அது பொருந்தும் என்பதைச் சேர்த்துக்கொள்ளுங்கள். கடலோரத்தில் நைட்ரஜனுக்கும் பெரிய பங்கு உண்டு. மிசிசிப்பி ஆறு சுமந்து வரும் நைட்ரேட்டால் மெக்சிகோ வளைகுடாவில் ஒவ்வொரு கோடையிலும் ஆக்சிஜன் வற்றிய பகுதி உருவாவது அப்படித்தான்.

தண்ணீர் தேங்கி நிற்கும் வயல்களை ஏன் தனியாகப் படிக்கிறார்கள்?

அங்கே வேதியியலே தலைகீழாகிவிடுகிறது. காற்றில் பரவும் வேகத்தோடு ஒப்பிட்டால் தண்ணீரில் ஆக்சிஜன் சுமார் பத்தாயிரம் மடங்கு மெதுவாகத்தான் பரவும். வயலில் நீர் கட்டிய ஓரிரு நாளில் நுண்ணுயிர்கள் இருக்கும் ஆக்சிஜனைத் தீர்த்துவிடும். பிறகு சுவாசிக்க வேறு வழி தேட ஆரம்பிக்கின்றன: முதலில் நைட்ரேட், அடுத்து மாங்கனீசு, அடுத்து இரும்பு, அடுத்து சல்பேட், கடைசியில் மீத்தேனை வெளிவிடும் வழி.

இந்த வரிசையைப் புத்தகம் இல்லாமலே பார்க்கலாம். நெல் வயலின் சேற்றை ஒரு கைப்பிடி தோண்டி எடுங்கள். மேலே ஒன்றிரண்டு மில்லிமீட்டர் பழுப்பு நிறம். அது தண்ணீரிலிருந்து ஆக்சிஜன் எட்டும் ஆழம். அதற்குக் கீழே சாம்பல், சில இடத்தில் நீலம் கலந்த சாம்பல். ஆக்சிஜன் இல்லாமல் இரும்பு ஒடுக்கமடைந்த அடையாளம். அழுகிய முட்டை வாடை வந்தால் சல்பேட் வரை போய்விட்டது. காலை வைத்ததும் குமிழ் குமிழாக வந்தால் அதில் மீத்தேன் இருக்கும். ஆனால் நெல் வேரைச் சுற்றி மட்டும் துரு நிறத்தில் ஒரு உறை இருக்கும். தண்டு வழியாகக் காற்றைக் கீழே இறக்கி, வேர் தன்னைச் சுற்றி ஆக்சிஜனைக் கசியவிடுவதால் வந்த துரு அது. பயிர் தன் வேரடியில் ஒரு சின்ன மேட்டு நிலத்தையே உண்டாக்கிக்கொள்கிறது.

வயலை இடையிடையே காயவிட்டால் மீத்தேன் குறையும். அதே காய்ச்சலும் பாய்ச்சலும் நைட்ரஸ் ஆக்சைடைக் கூட்டவும் வாய்ப்புண்டு. எது லாபம் என்பதை இரண்டையும் அளந்துதான் சொல்ல முடியும்.

மண்ணுயிர்களை எப்படிப் படிப்பது? கண்ணுக்கே தெரியாதே?

தெரிபவை நிறையவே உண்டு. ஒரு புனலில் வலையை வைத்து, அதன் மேல் ஈரமண்ணைப் பரப்பி, மேலே ஒரு பல்பை எரியவிடுங்கள். வெப்பத்துக்கும் வெளிச்சத்துக்கும் பயந்து பூச்சிகளும் சிலந்திப் பேன்களும் கீழே இறங்கி, புனலடியில் வைத்த ஆல்கஹாலில் விழும். மறுநாள் லென்ஸில் பார்த்தால், இவ்வளவு பேரா இங்கே குடியிருந்தார்கள் என்று இருக்கும்.

பாக்டீரியா கதை வேறு. ஒரு கிராம் மண்ணில் நூறு கோடி வரை இருக்கலாம்; தட்டில் வளர்க்க முயன்றால் நூற்றில் ஒன்று வளர்ந்தாலே பெரிது. அதனால் இப்போது மண்ணிலிருந்து நேரடியாக டிஎன்ஏவைப் பிரித்து யார் யார் இருக்கிறார்கள் என்று படிக்கிறார்கள். யார் இருக்கிறார்கள் என்பது வேறு, என்ன வேலை செய்கிறார்கள் என்பது வேறு. வேலையைப் பார்க்க, மண் வெளிவிடும் கார்பன் டைஆக்சைடை அளப்பதும் நொதிகளின் வேகத்தைப் பார்ப்பதும் இன்றும் மலிவான, நம்பகமான வழிகள். காசநோய்க்கு மருந்தான ஸ்ட்ரெப்டோமைசின் 1943-இல் கிடைத்ததும் மண்ணிலிருந்து எடுத்த ஓர் உயிரிலிருந்துதான். கண்டெடுத்த ஆல்பர்ட் ஷாட்ஸ் மாணவர்; 1952-இல் நோபல் பரிசு போனது அவருடைய பேராசிரியர் வாக்ஸ்மனுக்கு. ஆராய்ச்சி மாணவர்கள் மத்தியில் இந்தக் கதைக்கு எப்போதும் மவுசு உண்டு.

குளம், ஓடைகளில் என்னென்ன அளப்பார்கள்?

வெப்பநிலை, கார அமில நிலை, மின் கடத்துதிறன், கரைந்த ஆக்சிஜன், கலங்கல், நைட்ரேட், பாஸ்பேட். தெளிவைப் பார்க்க ஒரு வட்டத் தட்டைக் கயிற்றில் கட்டி இறக்கி, அது மறையும் ஆழத்தைக் குறிப்பார்கள். 1865-இல் செக்கி என்ற பாதிரியார் தொடங்கி வைத்தது. இன்னும் யாரும் இதைவிட எளிய கருவி செய்யவில்லை.

ஆக்சிஜனைப் பற்றி மட்டும் ஒன்று. 20 டிகிரியில் தண்ணீர் லிட்டருக்கு 9 மில்லிகிராம் அளவு தாங்கும், 30 டிகிரியில் 7.5 தான். பாசி மண்டிய குளத்தில் மதியம் அளந்தால் இதைவிடவும் கூடுதலாகக் காட்டும், குளம் ஆரோக்கியமாகத் தோன்றும். அதே இடத்தில் விடியலுக்கு முன் அளந்தால் மீன் மூச்சுத் திணறும் அளவுக்கு இறங்கியிருக்கும், ஏனென்றால் இரவு முழுக்கப் பாசியும் சுவாசிக்கிறது. எனவே நேரம் குறிக்காத ஆக்சிஜன் எண்ணை நான் படிப்பதே இல்லை.

களர், உவர் இரண்டும் ஒன்றுதானே?

இல்லை. உவர் நிலத்தில் கரையும் உப்பு அதிகம். மண் நிறைகரைசலின் (தண்ணீரால் நிறைத்த மண்ணிலிருந்து வடித்த கரைசலின்) மின் கடத்துதிறன் மீட்டருக்கு 4 டெசிசீமன்ஸைத் தாண்டும். நல்ல தண்ணீர் விட்டு, வடிகால் வெட்டி, உப்பைக் கழுவலாம். களர் நிலத்தில் சோடியம் களித்துகளோடு ஒட்டிக்கிடக்கும், கார அமில நிலை 8.5-க்கு மேல் போகும், மண் கலைந்து தண்ணீரை உள்ளே விடாது. அதற்கு ஜிப்சம் போட்டு, சோடியத்தின் இடத்தில் கால்சியத்தை உட்காரவைத்த பிறகுதான் கழுவுவதைப் பற்றிப் பேசலாம்.

கம்ப்யூட்டர் தெரிந்திருக்க வேண்டுமா?

வேண்டும். புள்ளியியல், வரைபட மென்பொருள், கொஞ்சம் புரோகிராமிங். மண்ணரிப்பையும் நீரோட்டத்தையும் கணிக்கும் கணினி மாதிரிகளை ஓட்டுவது எளிது. ஓட்டிய பிறகு வந்த எண் நிஜமா என்று கேட்கத் தெரிய வேண்டும், அதற்குத்தான் மேலே சொன்ன குழியும் சேறும்.

ஒரு ஆய்வுக்கு எவ்வளவு காலம் பிடிக்கும்?

முதுகலைக்கு ஒன்றிரண்டு பருவம் என்பது கல்லூரியின் காலம். மண்ணின் காலம் வேறு. டார்வின் 1842-இல் தன் வீட்டருகே ஒரு புல்வெளியில் சுண்ணாம்புக்கட்டித் துண்டுகளைப் பரப்பிவிட்டு, 29 வருடம் கழித்து 1871-இல் குழி வெட்டிப் பார்த்தார். வெள்ளைத் துண்டுகள் ஏழு அங்குல ஆழத்தில் வரிசையாகக் கிடந்தன. மண்புழுக்கள் கீழிருந்து மண்ணைக் கொண்டுவந்து மேலே போட்டதில் அவை புதைந்துபோயின.

இங்கிலாந்தின் ரோத்தம்ஸ்டெட் வேளாண் ஆய்வு நிலையத்தில் பிராட்பாக் வயலில் 1843 முதல் கோதுமைச் சோதனை நடந்துவருகிறது. பழைய மண், வைக்கோல், தானிய மாதிரிகளைக் குடுவைகளில் அடைத்து வைத்திருக்கிறார்கள். அவற்றை அடைத்தவர்கள் கேட்மியம் என்ற நச்சு உலோகத்தின் மாசு பற்றி யோசித்திருக்கவே மாட்டார்கள். நூறு வருடம் கழித்து வந்தவர்கள் அதே குடுவைகளைத் திறந்து, மண்ணில் கேட்மியம் எப்படி ஏறிவந்தது என்று அளந்தார்கள். அதனால் ஆய்வு முடிந்ததும் மிச்ச மாதிரியைக் கொட்டிவிடாதீர்கள். நாள், இடம், ஆழம் எழுதி வைத்துவிடுங்கள். எழுத்து அழியாத பென்சிலில்.

படித்தால் என்ன வேலை?

மண், நீர் ஆய்வகங்கள், நீர்வடிப்பகுதித் திட்டங்கள், நீர்ப்பாசன நிறுவனங்கள், சுற்றுச்சூழல் மதிப்பீடு, ஆராய்ச்சி, கற்பித்தல். சமீப காலமாக மண்ணில் சேரும் கரிமத்தைக் கணக்கிட்டுச் சான்று தரும் வேலைகளும் வந்திருக்கின்றன. முழங்கால் சேறும் வெயிலும் ஒத்துவராது என்பவர்களுக்கு ஆய்வகப் பக்கம் இடமிருக்கிறது, ஆனால் அவர்களும் வருடத்துக்கு நாலு முறையாவது இறங்கித்தான் ஆக வேண்டும்.

சேர்வதற்கு முன் நானே ஏதாவது செய்து பார்க்கலாமா?

தாராளமாக. ஒரு கண்ணாடிப் பாட்டிலில் மூன்றில் ஒரு பங்கு மண், மீதி தண்ணீர், சிட்டிகை சோப்புத்தூள். நன்றாகக் குலுக்கி வையுங்கள். ஒரு நிமிடத்துக்குள் மணல் படியும், இரண்டு மணி நேரத்தில் வண்டல், களி மறுநாளும் மிதந்துகொண்டிருக்கும். ஒவ்வொரு கட்டத்திலும் பாட்டிலில் கோடு போட்டுக்கொண்டே வாருங்கள்.

பிறகு இரண்டு மண்ணாங்கட்டி: ஒன்று ஓயாமல் உழுத நிலத்திலிருந்து, இன்னொன்று பல வருடமாகப் புல் முளைத்துக் கிடக்கும் ஓரத்திலிருந்து. இரண்டையும் நிழலில் காயவைத்து, கம்பி வலையில் வைத்து, ஒரே நேரத்தில் தண்ணீருக்குள் இறக்குங்கள். பெரும்பாலும் உழுத நிலத்துக் கட்டி ஐந்து நிமிடத்துக்குள் புகைபோல உதிர்ந்து தண்ணீரைக் கலக்கிவிடும். புல்லோரத்துக் கட்டி காற்றுக் குமிழிகளை ஒவ்வொன்றாக விட்டபடி அப்படியே உட்கார்ந்திருக்கும், சுற்றியுள்ள தண்ணீரும் தெளிவாகவே இருக்கும்.